பிடித்த பேஸ்பால் ஆட்டக்காரரை அணி டிரேட் செய்த பிறகும் அவரைத் தொடர்ந்து பின்பற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

மூக்கி பெட்ஸை 2011 டிராஃப்டின் (அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஐந்தாவது சுற்றில் தேர்ந்தெடுத்து வளர்த்தது பாஸ்டன் ரெட் சாக்ஸ். 2018-இல் அவர், நேஷனல் லீகோடு சேர்ந்து மேஜர் லீக் பேஸ்பாலை (எம்.எல்.பி.) அமைக்கும் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதைப் பெற்றார், அதே ஆண்டு அணியும் பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 2020 பிப்ரவரியில், ரெட் சாக்ஸ் அவரை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு டிரேட் செய்தது. பாஸ்டன் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அன்றோடு அவரைப் பற்றிப் பேசுவதையே விட்டார்கள். மற்றொரு பகுதியினர் அணியின் மீது கொண்ட பற்றையும் ஆட்டக்காரரின் மீது கொண்ட அன்பையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு, அதன்பின் அவர் டாட்ஜர்ஸுக்காக வென்ற 2020, 2024, 2025 உலகத் தொடர்களையும் மகிழ்ச்சியோடு பார்த்தார்கள். இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் வகையினருக்கானது. ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து போவது அணிக்குச் செய்யும் துரோகம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. சொல்லப்போனால், மேஜர் லீகின் முப்பது அணிகளையும் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

முதல் படி: அவர் போனாரா, அனுப்பப்பட்டாரா என்று பிரித்தறியுங்கள்

ஓர் ஆட்டக்காரர் அணி மாறுவதற்கு முக்கியமாக இரண்டு பாதைகள் உள்ளன. ஒப்பந்தம் முடிந்து, ஃப்ரீ ஏஜென்ட் என்ற நிலையில், தானே பேரம் பேசி வேறு அணியில் சேர்வது ஒன்று. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே அணி நிர்வாகம் அவரை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு ஆட்டக்காரர்களைப் பெறுவது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் டிரேட். பொதுவாக அதற்கு ஆட்டக்காரரின் சம்மதம் தேவையில்லை. ஒப்பந்தத்திலேயே டிரேட்டைத் தடுக்கும் விதி எழுதப்பட்டிருந்தாலோ, மேஜர் லீகில் பத்து ஆண்டுகளும் அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகள் அதே அணியிலும் ஆடியிருந்தாலோதான் அவர் மறுக்க முடியும்.

இந்தப் பத்து–ஐந்து உரிமைக்குப் பின்னால் ஒரு பெரிய போராட்டம் இருக்கிறது. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் செய்தபோது அவர் போக மறுத்தார். தம்மைப் பொருளைப் போல வாங்கவும் விற்கவும் கூடாது என்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதி, வழக்கும் தொடுத்தார். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே, 1971-இல் முடிந்துபோயிருந்தது. ஆனால் மறுப்புரிமையும், 1975-இன் இறுதியில் ஃப்ரீ ஏஜென்ட் முறையும் அவர் திறந்துவிட்ட வழியில்தான் வந்தன. டிரேட் செய்யப்பட்டவரைத் திட்டும் ரசிகர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தொலைபேசியில் வந்த ஒரு செய்தியால் வீட்டையும் குடும்பத்தையும் பெயர்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தவர் அந்த டிரேட் செய்யப்பட்டவர்தான்.

இரண்டாம் படி: டிரேட்டின் காரணத்தையும் அவருடைய ஒப்பந்தத்தையும் படியுங்கள்

கோபம் சற்று ஆறியதும் செய்ய வேண்டிய வேலை இது. பெட்ஸின் டிரேட்டை எடுத்துக்கொண்டால், அவருடைய ஒப்பந்தத்தில் 2020 என்ற ஒரே ஒரு பருவம்தான் மீதமிருந்தது. அதற்கான ஊதியம் 2.7 கோடி டாலர். சம்பளப் பட்டியல் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி கட்ட வேண்டிய ஆடம்பர வரியிலிருந்து பாஸ்டன் விடுபட நினைத்தது. அதனால்தான் மூன்று ஆண்டுகளுக்கு 9.6 கோடி டாலர் பாக்கியிருந்த பிட்சர் (பந்து வீசுபவர்) டேவிட் பிரைஸும் அதே டிரேட்டில் சேர்க்கப்பட்டார். அந்தத் தொகையில் பாதியைப் பாஸ்டனே ஏற்றுக்கொண்டது. இதையெல்லாம் அறிந்த பின்னும் அந்த முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஆட்டக்காரரின் மீது பழி போடக் காரணமில்லை என்பது தெளிவாகிவிடும்.

ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் மீதமிருக்கின்றன என்பதை அறிவது இன்னொரு வகையிலும் பயன்படும். புதிய அணியில் அவர் எவ்வளவு காலம் தங்குவார் என்பதை அதை வைத்தே கணிக்க முடியும். பெட்ஸ் ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, 2020 ஜூலையில், டாட்ஜர்ஸோடு 12 ஆண்டுகளுக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். எனவே அவருடைய ரசிகர்கள் அமைதியாக ஒரே அணியைப் பழகிக்கொள்ள முடிந்தது. இதற்கு நேர்மாறானது சிகாகோ கப்ஸ் ரசிகர்களின் அனுபவம். 108 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2016-இல் உலகத் தொடரை வென்றுதந்த அந்தோனி ரிஸ்ஸோ, ஹாவியர் பயேஸ், கிரிஸ் பிரையன்ட் மூவரையும் கப்ஸ் 2021 ஜூலை 29, 30 ஆகிய இரண்டு நாள்களுக்குள் மூன்று வெவ்வேறு அணிகளுக்குக் கொடுத்தது. ரிஸ்ஸோ நியூயார்க் யாங்கீஸுக்கும், பயேஸ் மெட்ஸுக்கும், பிரையன்ட் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கும் போனார்கள். மூவரின் ஒப்பந்தமும் அந்தப் பருவத்தோடு முடிவதாக இருந்ததால், அடுத்த வசந்தத்திற்குள் பயேஸ் டெட்ராய்ட்டிலும் பிரையன்ட் கொலராடோவிலும் இருந்தார்கள். இப்படிப்பட்ட நிலையில் புதிய அணியின் ஜெர்ஸியை வாங்க அவசரப்பட வேண்டாம். குளிர்காலம் முடியும்வரை பொறுத்திருங்கள்.

மூன்றாம் படி: டிரேட் நடக்கும் காலங்களை அறிந்து வைத்திருங்கள்

பருவத்தின் நடுவில் டிரேட் செய்வதற்கான கடைசி நாள் ஜூலை 28-க்கும் ஆகஸ்டு 3-க்கும் இடையில் ஆணையரால் குறிக்கப்படுகிறது. வழக்கமாக அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை 6 மணியோடு கதவு மூடும். ஓர் ஆட்டக்காரரை மற்ற அணிகள் கோரிப் பெறும்படி விடும் வெய்வர் முறை வழியே ஆகஸ்டில் நடந்துவந்த டிரேட்களும் 2019 முதல் நிறுத்தப்பட்டதால், அந்த மணி கடந்துவிட்டால் உங்கள் ஆட்டக்காரர் உலகத் தொடர் முடியும்வரை பெரும்பாலும் அங்கேயேதான் இருப்பார். குளிர்காலத்தில் டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் நிர்வாகிகளின் கூட்டத்தை ஒட்டி அடுத்த அலை வரும். எனினும் எந்த நாளும் பாதுகாப்பானது அல்ல. ரஃபேல் டெவர்ஸை ரெட் சாக்ஸ் 2025 ஜூன் 15 அன்று ஜயன்ட்ஸுக்கு அனுப்பியது. அடுத்த வார இறுதியில் ரெட் சாக்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஆடப் போக, அவர் உடனே பழைய தோழர்களுக்கு எதிராக நிற்க வேண்டியிருந்தது.

நான்காம் படி: ஆட்டங்களைப் பார்ப்பதற்கான ஏற்பாட்டை மாற்றியமையுங்கள்

எம்.எல்.பி. செயலியில் அணியை மட்டுமல்லாமல் தனி ஆட்டக்காரர்களையும் விருப்பப் பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்த பின், அவர் எங்கு போனாலும் செய்திகளும் காணொளித் துணுக்குகளும் உங்களைத் தேடி வரும். இதைச் செய்ய இரண்டு நிமிடங்கள் போதும். டிரேட் அறிவிக்கப்பட்ட அன்றே செய்துவிடுங்கள்.

முழு ஆட்டங்களைப் பார்ப்பது பற்றி ஒரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. எம்.எல்.பி.டி.வி. சந்தாவில் அமெரிக்காவில் வாழ்பவர்களுக்குத் தங்கள் வட்டார அணியின் நேரலை முடக்கப்பட்டிருக்கும். அதற்குப் பொதுவாக உள்ளூர் அலைவரிசையையோ தனிச் சந்தாவையோ நாட வேண்டும். ஆகவே பாஸ்டனில் இருக்கும் ரசிகருக்கு ரெட் சாக்ஸ் ஆட்டங்களை அந்தச் சந்தாவில் பார்க்க முடியாதபோதும், டாட்ஜர்ஸ் ஆட்டங்களில் பெரும்பாலானவை தடையின்றிக் கிடைக்கும். தொலைவில் போய்விட்ட ஆட்டக்காரரைப் பின்பற்றுபவருக்கு ஏற்ற ஏற்பாடு இதுவே. சந்தாவின் விலையும் தேசிய ஒளிபரப்பு உரிமைகளும் ஆண்டுக்காண்டு மாறுவதால், மார்ச் மாதத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசம் சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பலர் பின்பற்றுவதைக் கைவிடுவது இதனால்தான். லாஸ் ஏஞ்சலஸில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் பாஸ்டன்காரருக்கு இரவு 10 மணி. அலுவலகம் போகும் மனிதர் வாரம் ஆறு நாள் நள்ளிரவு தாண்டி விழித்திருக்க இயலாது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பார்ப்பவருக்கு இதே மாற்றம் நன்மையாக முடிகிறது: கோடையில் பாஸ்டனின் இரவு 7 மணி இங்கே விடியற்காலை 4.30, லாஸ் ஏஞ்சலஸின் இரவு 7 மணியோ காலை 7.30. எந்தத் திசையில் மாறினாலும், வாரத்தில் ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பார்ப்பது, மற்ற நாள்களில் அவருடைய பேட்டிங் வாய்ப்புகளை மட்டும் மறுநாள் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் ரூம் என்ற எம்.எல்.பி.யின் காணொளித் தொகுப்பில் ஆட்டக்காரரின் பெயரை இட்டுத் தேடினால் அவை தனித்தனியே கிடைக்கும். பின்பற்றப்படுபவர் பிட்சராக இருந்தால் வேலை இன்னும் எளிது. தொடக்கப் பிட்சர் ஏறத்தாழ ஐந்து ஆறு நாள்களுக்கு ஒருமுறைதான் ஆடுவார். யார் எப்போது வீசப்போகிறார் என்ற பட்டியலும் முன்கூட்டியே வெளியாகும்.

ஐந்தாம் படி: அவர் திரும்பி வரும் தொடரைக் கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்த முயற்சி முழுவதிலும் மிக நிறைவான பகுதி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2023 முதல் ஒவ்வோர் அணியும் மற்ற 29 அணிகளோடும் ஒவ்வொரு பருவத்திலும் மோதுகிறது. லீகுக்குள் அணிகள் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன; புதிய அணி அதே பிரிவில் இருந்தால் இரண்டு அணிகளுக்கும் இடையே ஆண்டுக்கு 13 ஆட்டங்கள்; அதே லீகின் வேறு பிரிவு என்றால் ஆறு அல்லது ஏழு, அவற்றில் ஒரு தொடர் உங்கள் மைதானத்தில். வேறு லீக் என்றால் பெரும்பாலும் மூன்று ஆட்டங்கள் கொண்ட ஒரே தொடர். அது ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே என்று மாறி மாறி வரும். அடுத்த ஆண்டின் அட்டவணை முந்தைய கோடையிலேயே வெளியாகிவிடுவதால், நுழைவுச் சீட்டும் பயணமும் நிதானமாகத் திட்டமிட முடியும். இந்த முறை வருவதற்கு முன் காத்திருப்பு மிக நீண்டதாக இருந்தது. ஹுவான் சோட்டோவை வாஷிங்டன் நேஷனல்ஸ் 2022 ஆகஸ்டு 2 அன்று சான் டியேகோ பேட்ரஸுக்குக் கொடுத்தபோது, இரண்டும் ஒரே லீகில் இருந்ததால் பத்தே நாள்களில் அவர் வாஷிங்டனுக்கு வந்து, மைதானமே எழுந்து நின்று கைதட்டியதைக் கேட்டார். வேறு லீகுக்குப் போன பெட்ஸோ, பெருந்தொற்றுக் காலத்தில் சுருக்கப்பட்ட 2020 அட்டவணையும் சேர்ந்துகொள்ள, 2023 ஆகஸ்டு இறுதியில்தான் ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கில் எதிரணியாகக் காலடி வைத்தார்.

மைதானத்துக்குச் செல்வதாக இருந்தால் முதல் நாள் ஆட்டத்துக்கே செல்லுங்கள். நினைவுக் காணொளி திரையிடப்படுவதும், ரசிகர்களின் வரவேற்பும் அன்றுதான். அவர் முதன்முறையாக பேட்டிங்குக்கு வரும்போது எழுந்து நின்று கைதட்டுவது நெடுங்கால வழக்கம். 2023-இல் ஒவ்வொரு பந்துக்கும் நேரம் வரையறுக்கும் பிட்ச் கிளாக் என்ற கடிகாரம் வந்த பிறகு இதற்கு ஒரு சிக்கல் ஏற்பட்டது. அந்த ஏப்ரலில் கோடி பெல்லிஞ்சர் கப்ஸ் ஆட்டக்காரராக டாட்ஜர் ஸ்டேடியத்துக்குத் திரும்பியபோது, ரசிகர்கள் கைதட்டிக்கொண்டிருக்க, அவர் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லும் நேரத்திலேயே கடிகாரம் தீர்ந்து, நடுவர் அவர் மீது ஒரு ஸ்டிரைக்கை (மூன்று சேர்ந்தால் ஆட்டமிழப்பு) அறிவித்தார். பெல்லிஞ்சர் டிரேட் செய்யப்பட்டவர் அல்லர் என்றாலும், வரவேற்பு அளிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது. அவர் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும்போதே எழுந்துவிடுங்கள்; பேட்டிங் இடத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதன்பின் யார் பக்கம் நிற்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: முதல் வாய்ப்புக்குக் கைதட்டுங்கள், பிறகு உங்கள் அணி வெல்ல வேண்டும் என்று விரும்புங்கள். ஆட்டக்காரர்களும் அதையே எதிர்பார்க்கிறார்கள். ஏசுவது மட்டும் வேண்டாம்.

இவ்வகைத் திரும்புதல்களில் இச்சிரோ சுசுகியுடையதைப் போல வேறொன்றைச் சொல்ல முடியாது. 2012 ஜூலை 23 அன்று யாங்கீஸ் அணி சியாட்டிலில் ஆட வந்திருந்தபோது மரீனர்ஸ் அவரை யாங்கீஸுக்கே டிரேட் செய்தது. அன்று மாலையே, தாம் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆடிய அதே மைதானத்தில், 51-க்குப் பதிலாக 31 என்ற எண்ணோடு இறங்கி, ரசிகர்களை நோக்கிக் குனிந்து வணங்கிவிட்டு ஆடினார். பெர்னி வில்லியம்ஸ் அணிந்த 51-ஐ யாங்கீஸில் அவர் கேட்டுப் பெறவில்லை. இப்படி எண் மாறுவது அடிக்கடி நடக்கும். ஜெர்ஸி வாங்கும்போது பழைய எண்ணையே அச்சிட்டுவிடாமல் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: புள்ளிவிவரங்களை மைதானத்தோடு சேர்த்துப் படியுங்கள்

டிரேட் முடிந்து ஒரு மாதத்துக்குள் “அவர் அங்கே போய்ச் சோபிக்கவில்லை” என்ற பேச்சு எழும். அதை நம்பாதீர்கள். நூறு பேட்டிங் வாய்ப்புகளை வைத்து எந்த ஆட்டக்காரரையும் எடைபோட முடியாது. அதைவிட முக்கியமானது மைதானத்தின் தன்மை. நோலன் அரனாடோவை கொலராடோ ராக்கீஸ் 2021 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸுக்கு டிரேட் செய்தபோது, கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில், மெல்லிய காற்றில் பந்து வெகுதூரம் பறக்கும் கூர்ஸ் ஃபீல்டை விட்டுவந்தால் அவர் சாதாரண ஆட்டக்காரராகிவிடுவார் என்று பலர் எழுதினார்கள். அவருடைய பேட்டிங் சராசரி முதல் ஆண்டில் கொலராடோ காலத்து மொத்தச் சராசரியைவிடக் குறைவாக இருந்ததும் உண்மை. ஆனால் அந்த ஆண்டிலும் 34 ஹோம் ரன்கள் (பந்தைக் களத்துக்கு வெளியே அனுப்பும் அடிகள்) அடித்தார். அடுத்த ஆண்டு நேஷனல் லீகின் எம்.வி.பி. வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார்.

இத்தகைய ஒப்பீட்டுக்கு ஓ.பி.எஸ். பிளஸ் என்ற பேட்டிங் அளவு உதவும். மைதானத்தையும் லீகையும் கணக்கில் சேர்த்து, லீகின் சராசரி ஆட்டக்காரரை 100 என்று வைத்து அது அளக்கிறது; 120 என்றால் சராசரியைவிடத் தெளிவாக மேல். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஆட்டக்காரரின் பக்கத்தைத் திறந்தால், அணி மாறிய பருவத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் ஒரு வரியும், கூட்டுத்தொகைக்குத் தனி வரியும் இருக்கும். லீக் விட்டு லீக் மாறியவர்களின் பட்டப் போட்டிகள் மட்டும் லீக்வாரியாகவே கணக்கிடப்படும். வில்லி மெக்கீ 1990 ஆகஸ்டு இறுதியில் கார்டினல்ஸிலிருந்து ஓக்லண்டுக்குப் போன பிறகும், நேஷனல் லீகில் விட்டுவந்த .335 சராசரியை யாரும் தாண்டாததால் அந்த லீகின் பேட்டிங் பட்டம் அவருக்கே கிடைத்தது. ஆட்டம் எப்படி மாறியிருக்கிறது என்பதை எண்களைவிட நன்றாகக் காட்டுவது பேஸ்பால் சாவன்ட் என்ற தளம். பந்தை எவ்வளவு வேகத்தில் அடிக்கிறார், பிட்சர் எந்த வகைப் பந்தை அதிகமாக வீசத் தொடங்கியிருக்கிறார் என்பவற்றை அங்கே காணலாம். ஆடும் இடமும் மாறக்கூடும். பாஸ்டனில் வலது புறக்களத்தில் களத் தடுப்புக்கான தங்கக் கையுறை விருதுகள் வாங்கிய பெட்ஸ், டாட்ஜர்ஸில் உள்களத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாகவே மாறிவிட்டார்.

ஏழாம் படி: பதிலுக்கு வந்தவர்களையும் மறக்காதீர்கள்

போனவரை நேசிப்பவர்கள் வந்தவரை வெறுப்பது வருத்தத்துக்குரியது. அவரும் கேட்காமலேயே இடம் பெயர்க்கப்பட்டவர்தான். 2000 பிப்ரவரியில் சியாட்டில், கென் கிரிஃபி ஜூனியரை சின்சினாட்டிக்குக் கொடுத்தபோது மைக் கேமரன் அந்த இடத்தில் வந்து நின்றார். நகரத்தின் தலைமகனுக்குப் பதிலாக வந்தவர் என்ற பாரத்தைச் சுமந்தபடியே, 116 ஆட்டங்களை வென்ற 2001 அணியின் நடுக்களத்தைக் காத்தார்; 2002 மே 2 அன்று ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். கப்ஸும் அப்படியே. பயேஸுக்குப் பதிலாக வந்த பீட் குரோ-ஆம்ஸ்ட்ராங் அப்போது தோள்பட்டைச் சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்த, மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீகின் இளைஞர். 2025-இல் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர்.

எல்லா டிரேட்களும் இப்படிப் பலன் தருவதில்லை. பெட்ஸுக்காக வந்த மூவரில் அலெக்ஸ் வெர்டூகோ 2023 டிசம்பரில் யாங்கீஸுக்கே போய்விட்டார். ஜீட்டர் டௌன்ஸ் வெய்வரில் விடப்பட்டு, பின்னர் ஜப்பானில் ஆடப் போனார். கேட்சர் கானர் வாங் தங்கினார். டிரேட்டை எடைபோட இந்த வரிசையையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

மைனர் லீக் இளைஞர்களைப் பின்பற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு. டிரேட் அறிவிப்பில் “பின்னர் பெயர் குறிப்பிடப்படும் ஆட்டக்காரர்” என்று ஒருவர் இருக்கலாம். ஆறு மாதங்களுக்குள் அவர் யார் என்று சொல்லியாக வேண்டும். 1996-இல் சியாட்டிலிலிருந்து மின்னசோட்டாவுக்கு அவ்வாறு பெயரில்லாமல் போன இளைஞர்தான் டேவிட் ஓர்ட்டிஸ்.

எட்டாம் படி: கடைசி வரை கூடவே இருங்கள்

டாம் சீவரை நியூயார்க் மெட்ஸ் 1977 ஜூன் 15 அன்று சின்சினாட்டிக்கு அனுப்பியது. மெட்ஸுக்காகப் பல முறை நெருங்கியும் எட்டாத நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) அவர் மறு ஆண்டு ஜூன் 16 அன்று ரெட்ஸ் சீருடையில் வீசினார். 300-ஆவது வெற்றியை 1985-இல் சிகாகோ வைட் சாக்ஸுக்காக, நியூயார்க்கிலேயே, யாங்கி ஸ்டேடியத்தில் பெற்றார். அவரை 1977-இலேயே விட்டுவிட்ட மெட்ஸ் ரசிகர் இந்த இரண்டையும் இழந்திருப்பார். சிறந்த நாள்கள் புதிய அணியில் வரலாம் என்பதால் மட்டுமல்ல, தேய்வு வரும் நாள்களிலும் ஆட்டக்காரருக்குப் பழைய ரசிகர்கள் தேவை. ஆக்டிவ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, வெய்வரில் விடப்பட்டு, மைனர் லீகின் மேல்படியான டிரிபிள்-ஏ அணிக்கு இறங்கினாலும் மைனர் லீகின் தளத்தில் அவருடைய ஆட்டங்கள் பதிவாகும்.

ஓய்வுக்குப் பின்னும் சில தேதிகள் உண்டு. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்து, பேஸ்பாலின் பெருமைக் கூடமான ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் பெயர் வரும். முடிவு ஜனவரியில், விழா ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில். அங்கே வைக்கப்படும் அவருடைய உருவப் பலகையில் எந்த அணியின் தொப்பி என்பதை ஆட்டக்காரரைக் கலந்து ஹால் முடிவு செய்கிறது. கிரிஃபியும் இச்சிரோவும் மரீனர்ஸ் தொப்பியோடு நுழைந்தார்கள். 2009 டிசம்பரில் டொரான்டோவிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் செய்யப்பட்டு, 2010-இல் அந்த அணிக்காக ஒரு பெர்ஃபெக்ட் கேமும் (எதிரணியில் ஒருவரையும் தளத்தை எட்டவிடாத ஆட்டம்) பிளேஆஃபில் ஒரு நோ-ஹிட்டரும் வீசிய ராய் ஹாலடேயின் பலகையில் எந்த அணியின் சின்னமும் இல்லை. டொரான்டோவில் அவர் அணிந்த 32, ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டீவ் கார்ல்டனுக்காக ஏற்கெனவே ஓய்வளிக்கப்பட்டிருந்ததால் அங்கே 34 ஆனது; புளூ ஜேஸ் 2018-இல் 32-க்கும், ஃபில்லீஸ் 2021-இல் 34-க்கும் ஓய்வளித்தன. எண்ணுக்கு ஓய்வளிக்கும் விழாக்களின் நாள்களை அணிகள் முன்கூட்டியே அறிவிக்கும். இரண்டு நகரங்களின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.